எங்கள் சைனீஸ் கடை: சனம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வவுனியாவில் நாற்பது வருடமாக எங்கள் குடும்பம் ஒரு சைனீஸ் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது. காசுமேசையில் அம்மா இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். சாப்பிட வருபவர்கள், தொலைபேசியில் ஓடர் சொல்பவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருபவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஊர்ச் சனத்துக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்டு வரட்டும்.

நீங்கள் சீன ஆட்களா?

இல்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஆனாலும் கிழமைக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். அப்பா நெடுங்கேணிப் பக்கம், அம்மா வவுனியா. வன்னியில் "சைனீஸ்" என்று பலகை போட்ட கடைகளில் நான் பார்த்தவரை தமிழரும் முஸ்லிம்களும்தான் தாச்சி பிடிக்கிறார்கள்.

இலங்கையில் சீனக் குடும்பங்கள் இருக்கின்றன, சில ஆயிரம் பேர்தான். அவர்களின் முன்னோரில் பலர் ஷான்டோங், ஹுபெய் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஷான்டோங்காரர் சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றார்கள். ஹுபெய்காரர் பல் வைத்தியம் செய்தார்கள். பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், "சீனன் கட்டின பல்லு" என்று யாராவது வாயைத் திறந்து காட்டுவார்கள். சாப்பாட்டுக் கடை என்பது பிறகு வந்த தொழில். கொழும்பில் 1942இல் தொடங்கிய ஒரு சைனீஸ் கடை இன்றைக்கும் நடக்கிறது. இத்தனை காலம் இங்கே வாழ்ந்தும் அந்தக் குடும்பங்களில் நிறையப் பேருக்குப் பிரஜாவுரிமை இருக்கவில்லை. அவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது 2008இல்தான். நாடற்றவர் என்ற சொல் தமிழருக்குப் புதிதில்லை, அதனால் இந்தக் கதையை அப்பா சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும்.

பிறகு எப்படி இந்தத் தொழில் உங்களுக்கு வந்தது?

அப்பா பதினேழு வயதில், 1971இல், கொழும்புக்கு வேலை தேடிப் போனார். சொந்தக்காரர் ஒருவர் ஒரு சீனக் குடும்பத்தின் கடையில் கோப்பை கழுவச் சேர்த்துவிட்டார். முதலாளியின் தகப்பன் சைக்கிளில் துணி விற்றவராம். முதல் இரண்டு வருடம் அப்பாவுக்குக் கழுவுற வேலையும் உள்ளி உரிக்கிற வேலையும்தான். மூன்றாவது வருடம் முதலாளியின் மனைவி கூப்பிட்டு, "நீ சோறு ஆறப் போடு" என்றாராம். பதவி உயர்வு என்றால் அதுதான். அடுப்புக்குக் கிட்டப் போக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது அப்பாவை மூன்று நாள் கடையின் மேல்மாடியில், சோயா சோஸ் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கதவைத் தட்டி வந்தவர்களுக்கு முதலாளியின் மனைவிதான் பதில் சொன்னவர். பிறகு அகதிமுகாம், அங்கிருந்து ஊர். போகும்போது முதலாளி ஒரு பழைய தாச்சியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். 1985இல் அந்தத் தாச்சியோடும் நாலு மேசையோடும் கடை தொடங்கியது. தாச்சி இன்றைக்கும் இருக்கிறது, அடி மெலிந்துபோனதால் இப்போது முட்டை பொரிக்க மட்டும்.

இது உண்மையான சீனச் சாப்பாடா?

சீனாவிலிருந்து வந்த ஒருவருக்கு எங்கள் மெனுவைக் காட்டினால் பாதியைத் தெரியாது என்பார். ஹொட் பட்டர் கட்டில்ஃபிஷ் என்று நீங்கள் சண்டை பிடித்துச் சாப்பிடுகிற கணவாய்ப் பொரியல் இலங்கையின் சைனீஸ் கடைகளில் உருவானது. டெவில் சிக்கனும் அப்படித்தான். நாசி கோரெங் இந்தோனேசியா. கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சைனீஸ் றோலைச் சீனாவில் தேட வேண்டாம். மொங்கோலியன் றைஸ் கேட்கிற தம்பிமாருக்கு ஒரு தகவல்: மொங்கோலியன் பாபகியூ என்பதே மொங்கோலியாவில் பிறந்ததில்லை, 1951இல் தாய்வானில் ஒருவர் தொடங்கியது. அந்தப் பெயர் இங்கே வந்து சோற்றோடு ஒட்டிக்கொண்டது.

அதற்காகப் பொய்ச் சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் கடை வைத்த சீனக் குடும்பங்களே உள்ளூர் வாய்க்கு ஏற்றபடி செத்தல் மிளகாயையும் கறிமிளகாயையும் சேர்த்துச் சமைத்தார்கள். சமைத்தது அவர்கள், ருசி சொன்னது நாங்கள். அவர்களிடமிருந்து மாறாமல் வந்தது தாச்சி வேலை: பெரிய நெருப்பு, கொஞ்சச் சாமான், கெதியாக இறக்குவது.

ஒரு பழைய தொடர்பும் சொல்லலாம். 1409 என்று தேதியிட்ட ஒரு கல்வெட்டைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1911இல் காலியில் அதைக் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. சைனீஸ் கடைப் பலகையில் தமிழ் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

பிரைட் றைஸுக்கு எந்த அரிசி போடுகிறீர்கள்? எங்கள் வயல் அரிசியில் செய்யலாமா?

கீரிச்சம்பாவும் பாஸ்மதியும். எது வேண்டும் என்று ஓடர் எடுக்கும்போது கேட்போம், விலை வேறு. இரணைமடுவில் விளைந்த புழுங்கல் சிவப்பரிசியில் செய்து தரச் சொல்லி ஒரு ஐயா வருடாவருடம் கேட்பார். ஒரு தடவை செய்தும் கொடுத்தோம். சோறு தடிப்பு, சோஸ் உள்ளே இறங்காது, மெல்ல மெல்ல வாய் களைத்துப்போகும். அந்த அரிசிக்கு மீன் குழம்புதான் சரி. அவரும் பாதி சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் குழம்பு இருக்கோ பிள்ளை" என்று கேட்டார்.

அரிசியை முழுக்க வேகவிடக் கூடாது. நடுவில் ஒரு சின்ன உறுதி இருக்கும்போதே வடித்து, தட்டத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். அடுப்பில் நிற்பவர் சோறு சரியா என்று காதால் பார்ப்பார். தாச்சியில் கொட்டும்போது "சர்" என்று காய்ந்த சத்தம் வந்தால் நல்லது. "சொத்" என்று விழுந்தால் ஈரம், அது பிறகு எவ்வளவு பிரட்டினாலும் களிதான். அண்ணா அந்தச் சத்தம் கேட்டால் ஒன்றும் பேசாமல் தாச்சியை வாளிக்குள் கவிழ்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவான். முன்பு அப்பா கவிழ்ப்பார், ஆனால் பேசிக்கொண்டு கவிழ்ப்பார்.

சீனாவுக்கும் நம் சோற்றுக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. 1952இல் ரப்பர் கொடுத்து அரிசி வாங்குகிற ஒப்பந்தம் ஒன்றை இலங்கை சீனாவோடு செய்தது. ஐந்து வருடத்துக்கு, வருடம் 270,000 தொன் அரிசி உள்ளே, 50,000 தொன் ரப்பர் வெளியே. எங்கள் கடை வருவதற்கு முன்பே சீன அரிசி நம் அடுப்புக்கு வந்துவிட்டது.

முந்தின ருசி இப்போது இல்லையே, ஏன்?

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் வருகிற கேள்வி. இருபது வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வருபவரும் கேட்கிறார், போன மாதம் வந்தவரும் கேட்கிறார்.

பாதி ஞாபகம் செய்கிற வேலை என்று நினைக்கிறேன். ஒரு பழைய வாத்தியார் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். "உங்கட அப்பா செய்தாத்தான் சாப்பாடு" என்று உட்காரும்போதே சொல்லிவிடுவார். ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல், அண்ணா செய்தான், நாங்கள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, "இதுதான் கை" என்றார். அடுத்த கிழமை அப்பாவே எழும்பிச் செய்து கொடுத்தார். வாத்தியார் இரண்டு வாய் வைத்துவிட்டு அண்ணாவைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் பழக வேணும்" என்றார். அப்பா குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றப் பாதி உண்மை, மறுக்கவில்லை. முன்பு ஊர்க்கோழி, இப்போது புரொயிலர். முன்பு பட்டர் போட்ட இடத்தில் இப்போது மாஜரின், பட்டர் விலையைக் கடைக்குப் போய்ப் பாருங்கள். அப்பா பழகிய சோயா சோஸ் சந்தையிலிருந்து போய்விட்டது, இப்போதையது உப்புக் கூட, நிறம் கூட. லீக்ஸ் நுவரெலியாவிலிருந்து இரண்டு நாள் லொறியில் வாடி வருகிறது. அதுபோக, 2022இல் காஸ் இல்லாத காலம் ஒன்று வந்தது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 4,860 ரூபாவுக்கு ஏறியது, அந்த விலைக்கும் கிடைக்காது. பின்வளவில் மண் அடுப்பு போட்டு விறகில் செய்தோம். விறகு நெருப்பு நன்றாக எழும்பும், ஆனால் நினைத்த நொடியில் குறையாது, சைனீஸுக்கு அது வேண்டும். அந்த மாதங்களில் வந்து, "புகை மணக்குது" என்று சொல்லிவிட்டுப் போன சிலர் திரும்பி வரவே இல்லை. இன்னும் சிலர் இப்போது வந்து, "அந்த விறகடுப்புச் சோறு போல இல்லையே" என்கிறார்கள். என்ன செய்ய?

அஜினோமோட்டோ போடுகிறீர்களா?

போடுகிறோம், கொஞ்சம். வேண்டாம் என்றால் ஓடர் சொல்லும்போதே சொல்லுங்கள், போட மாட்டோம். பிறகு கேட்டால் எடுக்க முடியாது.

அஜினோமோட்டோ கெடுதல் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1908இல் இக்கேதா என்ற ஜப்பானியப் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேற் என்று கண்டுபிடித்தார், அடுத்த வருடம் அது அஜினோமோட்டோ என்ற பெயரில் தூளாகச் சந்தைக்கு வந்தது. 1968இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவச் சஞ்சிகைக்கு ஒரு வைத்தியர், சைனீஸ் கடையில் சாப்பிட்டால் கழுத்து விறைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதம் உலகத்தில் இருக்கிற சைனீஸ் கடை எல்லாவற்றின் பெயரையும் கெடுத்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் சாப்பாட்டில் போடுகிற அளவுக்கு அப்படி நிலையான பாதிப்பு எதுவும் தெரியவரவில்லை. அதே குளுட்டமேற் தக்காளியில் இருக்கிறது, அம்மா சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாட்டிலும் இருக்கிறது. ஆனால் உப்புப் பாருங்கள். பிரஷர் உள்ளவர்கள் பயப்பட வேண்டியது சோஸ் போத்தலுக்கு.

மிஞ்சினதை அடுத்த நாள் சாப்பிடலாமா?

வீட்டுக்குப் போன உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால், அடுத்த நாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரு தடவை சாப்பிடலாம். இரவு முழுக்க மேசையில் கிடந்தது என்றால் கொட்டுங்கள். மனது கேட்காவிட்டாலும் கொட்டுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2016 சித்திரை வெயிலில் ஒரு பிறந்தநாளுக்கு எண்பது பார்சல் ஓடர். பகல் பத்து மணிக்கே சோறு வடித்து, ஆறப்போட இடமில்லாமல் பெரிய கிடாரத்தில் குவித்து மூடி வைத்துவிட்டோம். மாலை ஆறு மணிக்குப் பிரட்டிக் கொடுத்தோம். மணமும் இல்லை, புளிப்பும் இல்லை. இரவு பத்து மணிக்குள் ஏழு பேர் சத்தி. இரண்டு பேர் ஆஸ்பத்திரி, ஒருவர் சின்னப் பிள்ளை. காலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தார். அவர்தான் விளக்கினார்: சோற்றில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து கொதிக்கவைத்தாலும் சாகாது, இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பப் பொரித்தாலும் போகாது. இங்கிலாந்தில் 1970களில் பிரைட் றைஸால் வந்த வருத்தங்களுக்கும் அதுதான் காரணமாம்.

மூன்று நாள் கடை பூட்டு. அந்த மூன்று நாளும் அப்பா ஏழு வீட்டுக்கும் சைக்கிளில் போனார். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. பிள்ளையின் தாய் திறந்து, "ஐயா, நீங்களே இப்படிச் செய்யலாமா" என்று மட்டும் கேட்டாவாம். அப்பா வந்து சாப்பிடாமல் படுத்தார்.

இப்போது ஐம்பது பார்சலுக்கு மேல் ஓடர் எடுப்பதில்லை. சோறு இரண்டு தடவையாக வடிக்கிறோம், தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி, ஆறியவுடன் குளிருக்குள். "நேற்றைச் சோறுதான் சைனீஸுக்கு நல்லது" என்று சமையல் வீடியோக்களில் சொல்கிறார்கள். நல்லதுதான், நேற்று முழுக்கக் குளிரில் இருந்திருந்தால். இந்தச் சம்பவத்தை ஏன் நீங்களே சொல்கிறீர்கள் என்று தங்கை கேட்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் சொன்னால் எண்ணிக்கையாவது சரியாக இருக்கும். சந்தையில் ஏழு பேர் எழுபது பேராகிவிட்டார்கள்.

யுத்த காலத்தில் கடை திறந்திருந்ததா?

திறந்து, பூட்டி, திறந்து, பூட்டி. 1997 மே மாதம் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு ஊரடங்கு எப்போது வரும் என்று தெரியாது, பகலில் மட்டும் நடத்தினோம். வவுனியாவில் தங்குவதற்கே பாஸ் எடுக்க வேண்டிய காலம். வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தைக்கு அங்கால், புலிகளின் பகுதியில், எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் என்று எதற்கும் தடை, அங்கே பிரைட் றைஸ் பற்றி யார் யோசித்தது.

2002 ஏப்ரலில், யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தபோதுதான் கடையின் நல்ல காலம். புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அண்ணை மாதம் ஒருமுறை சாமான் எடுக்க வருவார். ஆறு பார்சலும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையச் சில்லி பேஸ்ட்டும் வாங்குவார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒருநாள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்த ஆமிக்காரனுக்குத் தும்மல் நிற்கவில்லையாம். பிறகு ஒரு சின்னக் கடுதாசியில் கொஞ்சம் தரச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் விட்டான். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியது. அந்த அண்ணையின் கணக்கில் இருநூற்றைம்பது ரூபா பாக்கி இருக்கிறது. அம்மா அந்தக் கொப்பியை இன்னும் எறியவில்லை.

சில்லி பேஸ்ட் செய்முறை தருவீர்களா?

தருவோம், அதில் இரகசியம் இல்லை. செத்தல் மிளகாயைக் கொரகொரவென இடித்து, நிறைய உள்ளியோடு எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதக்கி, சீனி, வினாகிரி, உப்பு, கொஞ்சம் சோயா சோஸ். மிளகாய் கறுக்கத் தொடங்கும் முன் இறக்க வேண்டும், நொடி பிந்தினால் கைக்கும். எவ்வளவு சீனி என்று மட்டும் கேட்காதீர்கள், அண்ணாவும் நானும் அதில் இன்னும் ஒத்துவரவில்லை.

ஹலாலா? சைவம் கிடைக்குமா?

பன்றி இறைச்சி தொடங்கிய நாளிலிருந்தே இல்லை, கோழி முஸ்லிம் கடையில் ஹலாலாக வாங்குகிறோம். மரக்கறி பிரைட் றைஸ் உண்டு, அதற்குத் தாச்சியும் கரண்டியும் வேறு. சந்தேகமிருந்தால் குசினிக்குள் வந்து பாருங்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கல் அன்றும் போயா நாட்களிலும் மரக்கறி மட்டும்.

குடும்பத்தோடு வரலாமா? சைனீஸ் கடை என்றால் குடிக்கிற இடமாமே?

தாராளமாக வாருங்கள். கொழும்பில் பல சைனீஸ் கடைகளில் சாராய அனுமதி உண்டு, டெவில் சிக்கனும் கணவாயும் அங்கே "பைட்", அதாவது குடிக்கும்போது கொறிக்கிற சாமான், என்றுதான் பெயர் எடுத்தது. அந்தப் பெயர் எங்கள் தலையிலும் விழுந்தது. முதல் ஐந்து வருடம் பெண்கள் உள்ளே வரவே இல்லை, பார்சல்தான். அம்மா காசுமேசையில் வந்து உட்கார்ந்ததே அதற்காகத்தான். கதவைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு பொம்பிளை என்றால் மற்றப் பொம்பிளைகள் வருவார்கள் என்று அவவின் கணக்கு. இரண்டு மாதத்தில் பள்ளிக்கூட ரீச்சர்மார் வரத் தொடங்கினார்கள். போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவ இப்போதும் பின்னேரங்களில் வந்து இருப்பா, கண் நல்லாகத் தெரியும்.

ஒரு ஃபுல் பிரைட் றைஸ் எத்தனை பேருக்குக் காணும்?

மூன்று பேருக்கு. வயல் வேலை முடித்து வருபவர் என்றால் ஒருவருக்கு.

கணவாய் எல்லா நாளும் இருக்குமா?

முல்லைத்தீவிலிருந்து வரும் நாளில் மட்டும். கடல் கொந்தளிக்கிற காலத்தில் கேட்டு ஏமாற வேண்டாம். உறைந்த கணவாயில் செய்து பார்த்தோம், பொரித்தவுடன் றப்பர். நந்திக்கடல் இறால் வந்தால் பலகையில் சோக்கால் எழுதுவோம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கிளிநொச்சியில் கிளை திறப்பீர்களா?

கேட்டிருக்கிறார்கள், காசு போடவும் ஆள் இருக்கிறது. ஆனால் அண்ணா ஒருவன்தான். அவனிடம் இரண்டு பெடியள் பழகுகிறார்கள், ஒருவன் இப்போதுதான் சோறு ஆறப்போடுகிற இடத்துக்கு வந்திருக்கிறான். அவன் அடுப்புக்கு வரட்டும், பிறகு பார்ப்போம்.

அப்பா இன்னும் கடைக்கு வருகிறாரா?

காலை ஒன்பது மணிக்கு வருவார். பின்வாசலில் கதிரை போட்டு உள்ளி உரிப்பார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. உள்ளே சோறு தாச்சியில் விழுகிற சத்தம் சரியில்லை என்றால் உரிக்கிற கை நிற்கும், அண்ணா திரும்பிப் பார்ப்பான்.